கணக்கில் சேராத புயல்

என் மகள் புயலைக் கணக்குப் போடுகிறவள். நான் புயல் கூண்டு ஏற்றியவன். அப்பனுக்கும் மகளுக்கும் புயல்தான் சோறு போடுகிறது என்று கல்கத்தா கிடர்பூரில் எங்கள் சந்தில் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். உண்மையில் இரண்டும் ஒரே வேலை இல்லை. துறைமுக அலுவலகத்திலிருந்து எனக்குச் சீட்டு வரும். சீட்டில் எந்த எண்ணோ அந்தக் கூண்டைக் கம்பத்தில் ஏற்றுவேன். இறக்கச் சொன்னால் இறக்குவேன். ஏன் என்று கேட்டதில்லை. அவள் காலையில் கண் விழித்தால் ஏன் என்றுதான் ஆரம்பிப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவன். ஊர் தூத்துக்குடி. துறைமுகத்தில் கலாசி வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தேன். கலாசி என்றால் கயிறு இழுப்பவன், ஏணி ஏறுபவன், சொன்னதைச் செய்பவன். என் மனைவி பள்ளிக்கூட வாசலில் நின்றதுகூட இல்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கே பிறந்து இங்கே வளர்ந்தாள். சாப்பாடு கேட்கத் தமிழ், சண்டை போட வங்காளம்.

பௌதிகம் படித்தாள். பிறகு காற்றைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாள்.

“காத்துல படிக்க என்ன இருக்கு?” என்று அவள் அம்மா கேட்டாள்.

“அது எங்கிட்டுப் போவும்னு.”

“அது போற பக்கம் போவும். அதுக்கா இத்தன வருசம்?”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தாள். ஊரின் தெற்குக் கடைசி. கரியாஹாட்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு கம்ப்யூட்டர். இன்றைய காற்று, வெயில், கடல் சூடு எல்லாவற்றையும் எண்ணாக அதற்குள் போட்டால், நாளைக்கும் நாளன்றைக்கும் என்ன ஆகும் என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே போகும். அதற்கு மாடல் என்று பெயர். ஒரு கணக்கு முடிய ராப்பகல் ஆகும். நடுவில் மின்சாரம் போய்விட்டால் எல்லாம் போச்சு. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் மின்சாரம் போகாத நாள் ஏது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள்.

“என்னளா, இன்னைக்கும் புயல் பாதில நின்னுட்டா?” என்பேன்.

“பரதீப் பக்கத்துல நிக்கிதுப்பா. லோட் ஷெடிங்.”

“நெசப் புயலும் கரண்டு போனா நின்னுட்டா நல்லாருக்கும்” என்பாள் அவள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த மாடலை விளக்கினாள். காகிதத்தில் வங்காள விரிகுடாவை வரைந்து கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காற்று, ஒரு மழை, ஒரு சூடு.

“நம்ம வீடு எங்க இருக்கு?”

விரல் வைத்தாள். “இந்தக் கட்டம்.”

“கரியாஹாட்?”

“அதே கட்டம்.”

“அலிப்பூர்?”

“அப்பா, கல்கத்தாவும் சுத்துப்பட்டு ஜில்லாவும் சேந்து ஒரே கட்டம்தான்.”

“அப்போ கரியாஹாட்ல தூறுனா இங்கயும் நனையணுமா?”

“எங்க மிஷின்ல நனைஞ்சுதான் ஆகணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமும் வந்தது. இத்தனை பெரிய கண் உள்ள சல்லடையில் எதைச் சலிப்பது? அதைச் சொல்லவில்லை. அவள் வேலை, அவளுக்குத் தெரியும்.

கீழ்வீட்டு வங்காளி அம்மாளை மாஷிமா என்று கூப்பிடுவோம். தன் மகள் கல்யாணத்தன்று மழை வருமா என்று அவள் என் மகளிடம் வந்து கேட்டாள்.

“அத யாராலயும் இப்பவே சொல்ல முடியாது, மாஷிமா.”

“மீன்காரன் சொல்றான். உன்னால சொல்ல முடியலையா? கண்ணாடி வேற போட்டிருக்கே!”

மழையைச் சொல்ல மாட்டாள். புயலைச் சொல்வாள். வருஷம் போகப் போக மிஷின் பெரிதானது, கட்டம் சின்னதானது, அவள் பேச்சிலும் ஒரு தைரியம் வந்தது. கடலில் புயல் என்றால் சாப்பிட்டுக்கொண்டே சொல்வாள், ஒரிசா பக்கம் போயிடும், சிட்டகாங் பக்கம் போயிடும் என்று. சில தடவை அப்படியே போனது. அவள் போயிடும் என்று சொன்ன நாளில் என் மனைவி நிம்மதியாகத் தூங்குவாள். நானும்தான்.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். துர்கா பூஜை முடிந்து, காளி பூஜைக்குச் சந்தில் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலில் புயல் என்று சீட்டு வந்தது. இரண்டாம் எண் கூண்டு ஏற்றினேன். தூரத்துக் கடலில் புயல் இருக்கிறது, கப்பல்கள் பார்த்துப் போகட்டும் என்று அதற்கு அர்த்தம். துறைமுகத்துக்கு ஒன்றுமில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் மகள் பை கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க போற?”

“சாகர் தீவு.”

ஹூக்ளி ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது அந்தத் தீவு. காக்தீப் வரை பஸ், அப்புறம் லாஞ்சில் ஆற்றைக் கடக்க வேண்டும்.

“நான் ரெண்டாம் நம்பர் ஏத்திட்டு வாரேன். நீ சாகர் போறேங்கே.”

“ரெண்டுன்னா கடல்ல புயல் இருக்குன்னுதானப்பா அர்த்தம்? இருக்கு. நானும் இருக்குன்னுதான் சொல்லுதேன். இங்க வராதுங்கேன். சிட்டகாங் பக்கம் போயிடும்.”

சோறு போட்டுக்கொண்டே அவள் அம்மா கேட்டாள். “போயிடும்னா நீ எதுக்கு அங்க?”

அது போகும்போது ஆற்று வாயில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டுமாம். படகுத்துறைத் தூணில் இரும்புக் குழாய் ஒன்றைக் கட்டி அதற்குள் மீட்டர் வைப்பார்களாம். இந்த மாதிரித் தள்ளிப் போகிற புயல் அடிக்கடி கிடைக்காதாம். கூட வேலை செய்கிற பையன் ஒருவனும் வருகிறான் என்றாள். அவர்கள் பெரியவர், அதாவது அந்தக் கூடத்தின் தலைவர், போகலாமா என்று இவளைத்தான் கேட்டாராம். போகலாம் என்று இவள்தான் சொன்னாளாம்.

“நிச்சயமா போயிடுமா?” என்றேன்.

“ஒரே புயல பல தடவ ஓட்டிப் பாத்தோம்ப்பா. ஆரம்பக் காத்தயும் கடல் சூட்டயும் ஒவ்வொரு தடவையும் ஒரு துளி மாத்தி மாத்திக் குடுத்தேன். எல்லாம் கிழக்கதான் போச்சு.”

“எல்லாமேவா?”

“ஒண்ணு மட்டும் நேரா இங்க வந்துச்சு. அத எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டேன்னா?” என்றாள் அம்மா.

“கணக்குல சேக்கலம்மா. மத்ததெல்லாம் ஒரு பக்கம் போகும்போது ஒண்ணு மட்டும் தனியாப் போனா அது கிறுக்குன்னு அர்த்தம். எங்கயோ ஒரு நம்பர் தப்பா விழுந்திருக்கும்.”

“வீட்ல ஒருத்தர் மட்டும் வேற சொன்னா கிறுக்குன்னு தள்ளிருவோமா?”

“அப்பாவச் சொல்லுதியா?”

மூன்று பேரும் சிரித்தோம். ரசம் சூடாக இருந்தது. அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள்.

அதற்கு மறுநாள் காலையில் ரேடியோ வேறு மாதிரி பேசியது. புயல் கிழக்கே திரும்பவில்லை. அப்படியே வடக்கே வருகிறது. இன்னும் பலமாகிவிட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.  நான் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வானம் சாம்பல் நிறமாக இருந்தது. காற்று விட்டு விட்டு வந்தது. துறைமுகத்தில் கிரேன்களைக் கட்டிப்போடும் வேலை நடந்தது. கப்பல்களுக்குக் கூடுதல் கயிறு போட்டார்கள். என்னோடு கம்பத்தில் வேலை செய்தவர் பீகார்க்காரர். அவர் இந்தி பேசுவார், நான் பாதி இந்தி பாதி வங்காளம். அவரிடம் மட்டும் மகள் சாகரில் இருக்கிறாள் என்று சொன்னேன்.

“லாஞ்ச் ஓடுதா?”

“தெரியல.”

“உங்க பொண்ணு கெட்டிக்காரி. முதல் லாஞ்சிலேயே திரும்பியிருப்பா.”

அவர் சொன்னதை நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் எனக்கு அவளைத் தெரியும். போயிடும் என்று நம்பிப் போனவள். குழாயைக் கட்டாமல் திரும்பமாட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சீட்டு வந்தது. எட்டாம் எண். பெரிய ஆபத்து, கடும் புயல் துறைமுகத்தை ஒட்டி ஒரு பக்கமாகக் கரை கடக்கும். ஆற்று வாயிலிருந்து இங்கே வரை எல்லாக் கம்பத்திலும் ஏற்றச் சொல்லியிருந்தது.

இரண்டாம் எண்ணை இறக்கினோம். பெரிய கூண்டை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். மழை பிடித்துவிட்டது. கயிறு ஊறிப்போய்க் கப்பியில் இறுகிக்கொண்டது. பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டது. இழுத்தோம், வரவில்லை. காற்றில் அது கம்பத்தில் மோதி மோதிச் சத்தம் போட்டது.

எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன். கையில் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அந்தக் கூண்டை மேலே அனுப்பக் கை வரவில்லை. நான் ஏற்றினால்தான் புயல் வரும், ஏற்றாவிட்டால் வராது என்பது போல ஒரு நினைப்பு. முட்டாள்தனம்தான். பீகார்க்காரர் என் முகத்தைப் பார்த்தார். “விடுங்க அண்ணே, நான் இழுக்கறேன்” என்றார். நான் விடவில்லை. ஏணியில் ஏறிக் கப்பியில் இருந்த முறுக்கை எடுத்துவிட்டு இறங்கி இழுத்தேன். போய்விட்டது உச்சிக்கு.

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது, கூண்டு தெரியும். கொஞ்ச நேரத்தில் துறைமுக வாசலில் நிற்கிறாள் என்று காவலாளி வந்து சொன்னான். அவள் அதற்கு முன்னால் அங்கே வந்ததே கிடையாது. சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு நின்றாள். குடை எடுத்து வரவில்லை.

“எட்டா?”

“எட்டு.”

“போயிடும்னு சொன்னாளே.”

“சொன்னா.”

“உள்ள வயர்லெஸ்ல சாகருக்குப் பேசுவாங்கன்னு சொல்லுவீங்களே. கேளுங்க.”

“அது கப்பலுக்கு. வீட்டு விசயத்துக்கு இல்ல.”

“அவ வீட்டு விசயமா?”

 அவளைக் காவலாளியின் கூரைக்குக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். வயர்லெஸ் அறையில் இருந்த குமாஸ்தா பாபு என்னை வாசலிலேயே பார்த்துவிட்டார். பீகார்க்காரர் முன்னமே வந்து சொல்லியிருக்கிறார். 

“இரு அண்ணே, கூப்பிட்டுப் பாக்கறேன்” என்று காதில் மாட்டிக்கொண்டார். சாகர், சாகர் என்று கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. திரும்பவும் கூப்பிட்டார். பிறகு காதிலிருந்து அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“கம்பி ஏதாவது அறுந்திருக்கும். ஆளுக்கு ஒண்ணும் இருக்காது.”

“சரி பாபு.”

வாசலுக்கு வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

“லைன் கெடைக்கல” என்றேன்.

“லைன் கெடைக்கலயா, அங்க ஆளே பதில் சொல்லலயா?”

“லைன்தான்.”

அவளை ஒரு சக வேலைக்காரரோடு வீட்டுக்கு அனுப்பினேன். நான் போக முடியாது. எட்டாம் எண் ஏறியிருக்கும்போது கம்பத்து ஆள் இடத்தை விட்டு நகரக்கூடாது.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காற்று அடித்தது.

விடிந்து வீட்டுக்குப் போனேன். சந்தில் காளி பூஜை மூங்கிலெல்லாம் சரிந்து கிடந்தது. பையன்கள் அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு டாக்சி நின்றது. உள்ளே நாற்காலியில் வயதான வங்காளிக்காரர் ஒருவர் ஈரச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். மகள் சொன்ன பெரியவர் அவர்தான். மாஷிமா பக்கத்தில் நின்று என் மனைவிக்கு அவர் பேச்சைப் புரியவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அத்தனை படித்தவர் எனக்காக எழுந்து நின்றது பயமாக இருந்தது.

“செய்தி இருக்கா சார்?”

“இல்ல. உங்களுக்கு வந்திருக்குமோன்னு வந்தேன்.”

அவரும் செய்தி கேட்டுத்தான் வந்திருக்கிறார். மனைவி அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.  டீ தட்டில் சிந்தியது.

“நான் தடுத்திருக்கணும்” என்றார்.

மாஷிமா அதை மனைவியிடம் சொன்னாள். மனைவி தமிழிலேயே அவரைப் பார்த்துச் சொன்னாள். “நீங்க தடுத்தா மட்டும் கேட்டிருப்பாளா? குடிங்க, ஆறிப்போவுது.”

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, டீயைக் குடித்தார்.

அன்று முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் நேராகக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பயம் வந்தால் மனிதர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். சாப்பிட்டீர்களா, கொஞ்சம் முடி கொண்டுவரட்டுமா, பாலாவது குடியுங்கள். முடி என்று இங்கே பொரியைச் சொல்வார்கள். கிண்ணம் கிண்ணமாகப் பொரி சேர்ந்துவிட்டது. என் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

“அந்த ஒண்ணு இங்க வந்துச்சுன்னாளே. அத அவ ஏன் எடுத்தா?”

“மத்ததெல்லாம் வேற சொல்லிச்சுல்லா.”

“எடுத்தது சரிதானா?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?”

அதற்கு அடுத்த நாள் வெயில் அடித்தது. மகள் ஒரு லாரியில் வந்து மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்தாள். மாஷிமா வீட்டுப் பெண்தான் முதலில் பார்த்துக் கத்தியது. நான் மாடிப்படியில் பாதி வரை இறங்கி, அங்கேயே நின்றுவிட்டேன்.  அவள் சல்வாரெல்லாம் சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை, துணி சுற்றியிருந்தது. கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தாள்.

“அப்பாவா அது?”

“ஆமா.”

அவள் அம்மா என்னை இடித்துக்கொண்டு இறங்கிப் போய் அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறந்ததிலிருந்து அடித்ததில்லை. அப்புறம் அங்கேயே படியில் உட்கார்ந்து தன் தலையில் அடித்துக்கொண்டாள். மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னும் ஒண்ணு அடிச்சுக்கோம்மா.”

“போடி.”

வெந்நீர் வைத்து ஊற்றினாள். தலை துவட்டினாள். மகள் ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள். கூடப் போன பையனும் பத்திரமாக வந்துவிட்டான். அவன் வீடு சேர்ந்தான் என்று பெரியவர் சொல்லி அனுப்பினார்.

தூங்கி எழுந்து அவளாகத்தான் சொன்னாள். குழாயைக் கட்டி முடித்த அன்றைக்கே திரும்பப் பார்த்தார்களாம், லாஞ்சை நிறுத்திவிட்டார்கள். ஊர் ஜனம் எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிக்குப் போனார்களாம், இவர்களும் போனார்கள். தண்ணீர் முதல் மாடிப்படி வரை வந்தது. படகுத்துறை போய்விட்டது. குழாயும் போய்விட்டது.

“சரி, உசுரோட வந்தியே” என்றேன்.

“அது இல்லப்பா.”

 அவள் அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“படகுத்துறையில ஒரு டீக்கடைக்காரர் இருந்தாரு. போன அன்னைக்கு நாங்க வேலை செய்யும்போது டீ குடுத்துட்டு, நீங்க ஆப்பீஸ் ஆளுங்க, உங்களுக்குத் தெரியும், புயல் வருமா, மாட்ட ஓட்டிட்டுப் போயிறவா, கடையப் பிரிச்சிரவான்னு கேட்டாரு. போயிடும், பயப்படாதீங்கன்னேன்.”

“ரேடியோல சொல்லியிருப்பாங்கல்லா?”

“ரேடியோ சொன்னப்போ நேரம் ஆயிருச்சு. கடை போச்சு. ரெண்டு மாடு போச்சு. அவரு வீட்டாளுக தப்பிச்சாங்க. பள்ளிக்கூடத்து மாடியில எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்த கேக்கல. குளிருதான்னு அவரு துண்டக் குடுத்தாருப்பா.”

அம்மா பின்னுவதை நிறுத்திவிட்டாள்.

“என்னத் திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்” என்றாள் மகள்.

அவள் அம்மா திரும்பவும் பின்னத் தொடங்கினாள். 

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவள் வேலைக்குப் போகவில்லை. சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள். எனக்கு வேறு விதமான பயம் வந்தது. ஆள் திரும்பி வந்துவிட்டாள், ஆனால் என்னவோ அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாளோ என்று. ஒரு நாள் காலையில் எழுந்து குளித்து, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாளோ என்று பயம்.

சாயங்காலம் வந்து சொன்னாள். எடுத்துப் போட்ட அந்த ஒன்றைத் தேடி எடுத்துத் திரும்ப ஓட்டிப் பார்த்தாளாம். எந்த எண்ணும் தப்பாக விழவில்லையாம். கடல் சூட்டை அதில் ஒரு துளி கூட்டி வைத்திருந்தாள். அவ்வளவுதான். நிஜப் புயல் போன வழியும் அது போன வழியும் ஏறக்குறைய ஒன்றே.

அதை எழுதி வெளியே கொடுக்கப் போகிறேன் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் நல்லவர். கேட்டாராம், “எல்லாரும்தான் அப்படி ஒண்ணைத் தள்ளுவாங்க. நீ மட்டும் ஏன் ஊருக்குச் சொல்லணும்? நாளைக்கு யாரு நம்மை நம்புவா?”

“நீ என்ன சொன்னே?” என்றேன்.

“அந்த டீக்கடைக்காரரு நம்புனாரு சார்னேன்.”

எழுதினாள். பெயர் போட்டு எழுதினாள். அதற்குப் பிறகு கூட்டங்களில் அவளைப் பார்த்துச் சிலர், தன் கணக்கிலேயே முங்கப் பார்த்தவங்க என்று சிரிப்பார்களாம். அவளுக்குக் கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள். அவள் அதை வீட்டில் வந்து சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவள் அம்மா சிரிக்கமாட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மிஷின்கள் பெரிதாயின. மின்சாரமும் அவ்வளவாகப் போவதில்லை. கிடர்பூருக்கு ஒரு கட்டம், கரியாஹாட்டுக்கு வேறு கட்டம் என்று ஆகிவிட்டது. வெளிநாட்டுக்கு இரண்டு முறை போய்வந்தாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், நாங்கள் வற்புறுத்தவில்லை. அவள் வேலை முழுக்க இப்போது ஒன்றே. ஒரே புயலைப் பல தடவை ஓட்டி, ஒன்றைக்கூடத் தள்ளாமல், எல்லா வழியையும் ஒரே படத்தில் போட்டுக் காட்டுவது. படத்தைப் பார்த்தால் பிரி பிரியாகப் பிரிந்த கயிறு மாதிரி இருக்கும். இதைப் பார்த்து எவன் என்ன செய்வான் என்று அதிகாரிகள் கோபப்பட்டார்களாம். புயல் எங்கே வரும் என்று ஒரு இடத்தைச் சொல், இத்தனை கோடு எதற்கு என்றார்களாம். நான் அதிகாரி இல்லை. ஆனால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. எனக்கு வந்த சீட்டில் எப்போதும் ஒரே எண்தான் இருந்தது.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்கப்புறம் ஒரு கோடையில் விரிகுடாவில் பெரிய புயல். டிவியில் வளைந்து வளைந்து காட்டினார்கள். மகள் பகல் முழுக்க ஆபீசில் இருந்துவிட்டு, துணி மாற்றிக்கொண்டு திரும்பப் போக வீட்டுக்கு வந்தாள். மாஷிமாவுக்கு இப்போது நடக்க முடியாது. அவள் வீட்டுக்காரர்கள் மாடியேறி வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். மாஷிமாவைத் தூக்கிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடலாமா, வேண்டாமா என்று கேட்டார்கள்.

“இந்த வீட்டுக் கூரை பலமில்ல. போறதுன்னா இப்பவே போயிடுங்க” என்றாள்.

“அப்ப இங்க வருதுன்னு சொல்றீங்களா?”

“வரலாம். வராமலும் போகலாம். பாதிக் கோடு இங்க வருது, பாதி அங்க போகுது.”

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். சலிப்புதான். ஆனால் மாஷிமாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

மனைவி மகளுக்குத் தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள். அவள் கை பழைய மாதிரி இல்லை, ஆடும்.

“எங்ககிட்டயாவது சொல்லு. போயிடுமா?”

“தெரியாதும்மா.”

“உனக்கு என்ன தோணுது, அதச் சொல்லு. வெளிய யாருட்டயும் சொல்லமாட்டேன்.”

“தோணுறதச் சொல்றதில்ல.”

“போயிடும்னு ஒரு வார்த்த சொல்லேன்ளா. பொய்யாவாவது. நான் செத்த நேரம் கண்ண மூடுவேன்.”

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எனக்கும் அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அத்தனை வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை.

“சொல்லமாட்டேன்மா” என்றாள்.

“அம்மாகிட்டகூடவா?”

“அம்மாகிட்டகூட.”

 என் மனைவி முழங்காலில் கை ஊன்றி எழுந்து ஒவ்வொரு சன்னலாகச் சாத்தப் போனாள். காற்று வந்தால் மின்சாரம் போய்க் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். நான் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.